அம்பு வராத பெட்டி

நூல்மில்களுக்கான மென்பொருள் செய்கிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த மென்பொருள் பலபேர் பல வருடமாக ஒட்டுப்போட்டு வளர்த்தது. எந்தச் சுவரை இடித்தால் எந்தக் கூரை விழும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு கருவி வாங்கினார்கள். நிரலையெல்லாம் படித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு பெட்டியாக வரைந்து, எது எதைப் பயன்படுத்துகிறது என்று அம்பு போட்டுக் காட்டும். அம்பே வராத பெட்டியை நீக்கிவிடலாம்.

படம் திரையில் விரிந்தது. நடுவில் நூல் சிக்கல். ஓரத்தில் ஒரு பெட்டி மட்டும், பந்திக்கு யாரும் கூப்பிடாத தாய்மாமன் மாதிரி நின்றது. ஈரப்பதம் கழித்து நூலின் எடையைக் கணக்கிடும் பகுதி. நான் எழுதியது. இங்கே நான் எதற்கு இருக்கிறேன் என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவதாக இருந்தேன்.

என்னைவிட ரொம்பச் சின்னவரான எங்கள் குழுத் தலைவி, "ஏனுங்ண்ணா, டீ சாப்பிட்டீங்களா?" என்றார். சரி, கெட்ட செய்திதான்.

"அப்ப எடைக் கணக்கை யாரு போடறாங்க அம்மணி?"

"அவங்கவங்களே ஒண்ணொண்ணு எழுதிக்கிட்டாங்களாட்ட இருக்குதுங்ண்ணா. உங்குளுது கொஞ்சம் மெதுவா ஓடுமுங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படீங்க சொல்றது? நீங்க சங்கடப்படுவீங்கல்ல."

வேறு ஊர் என்றால் முதல் வாரமே திட்டியிருப்பார்கள், நானும் சரிசெய்திருப்பேன். இங்கே என் மனம் நோகாமலிருக்க ஆளாளுக்கு ஒரே கணக்கைத் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். மரியாதைக்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது.

"எடுத்துப்போடலாமுங்களா? ஏதாச்சும் உடைஞ்சா திருப்பி வெச்சுக்கலாமுங்க."

"நானே எடுக்கறேன்."

நீக்கினேன். மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் ஓடத் தொடங்கின. எங்காவது பிழை என்று ஒரு சிவப்பு வரி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிணத்துக்கடவுப் பக்கம் ஏதாவது ஒரு சின்ன மில்லின் கணக்காவது தடுமாறட்டும். எல்லாம் பச்சை. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே முடிந்தது.

"ஒண்ணுமே ஆகலீங்ண்ணா," என்றார் அவர், ஆறுதலாக.

"நல்லதுங்க," என்றேன். வருத்தம் வரும் என்று சற்றுக் காத்திருந்தேன். பசிதான் வந்தது.

சாப்பாட்டு மேசையில் பக்கத்து இருக்கைக்காரர் டப்பாவைத் திறந்தபடி, "என்ன இருந்தாலும் உங்க எடைக் கணக்காட்ட வராதுங்க," என்றார். அவர் தனக்கென்று எழுதிக்கொண்ட எடைக் கணக்கையும் காலையில் படத்தில் பார்த்திருந்தேன். அதற்கு நிறைய அம்புகள்.

"ரொம்ப சந்தோஷமுங்க," என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்தேன்.