புது மொய் வாங்காத வங்கி

இந்த ஊரில் வாசல் கதவில் நீளமாக ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஓட்டை வழியாகத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். கடனும் அதன் வழியாகத்தான் வருகிறது. காலையில் இறங்கி வந்தால் கால்மிதிமேல் ஏதாவது ஒரு வங்கியின் கடிதம் கிடக்கும். எங்களிடம் கார்டு வாங்குங்கள், இத்தனை மாதத்துக்கு வட்டி கிடையாது என்று எழுதியிருக்கும். சின்னமனூரில் கடன் வேண்டுமென்றால் நாம்தான் வட்டிக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். இங்கே அவர் நம் வாசலில் வந்து கிடக்கிறார்.

நான் பரோட்டா மாஸ்டர். எட்டாவது வரை படித்தேன். இங்கிலாந்தில் வடக்கே ஒரு சின்ன ஊரில், தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் வேலை. மனைவி செல்வியும் மகள் யாழினியும் பிறகு வந்தார்கள். அவர்கள் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். தேய்க்கும்போது வலிக்கவில்லை. மாதாமாதம் கட்டினேன். கட்டியது வட்டிக்குப் போனது. அசல் அப்படியே உட்கார்ந்திருந்தது, விருந்துக்கு வந்து கிளம்பாத சம்பந்தி மாதிரி.

இதில் மாட்டிக்கொண்டது யாழினியின் காது. ஏழு வயதாகியும் குத்தவில்லை. நம் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன், அதாவது செல்வியின் அண்ணன் பாண்டி, சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

"கம்மல் செஞ்சு வச்சு ரெண்டு வருசமாச்சு மாப்ள. பிள்ள போடுமா, இல்ல நானே போட்டுக்கிறவா?"

கார்டுக் கடன் அடையாமல் மூன்று பேருக்கு டிக்கெட் எடுக்க முடியாது. அதை அவரிடம் சொல்லவில்லை. கடையில் வேலை ஜாஸ்தி என்றேன்.

கீழ் வீட்டில் பேட் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறார். தனியாள். பரோட்டா கொடுத்தால் கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுவார். ஒருநாள் எனக்கு வந்த வங்கிக் கடிதத்தைப் படித்துச் சொன்னார். பழைய கார்டுக் கடனைப் புதுக் கார்டுக்கு மாற்றிக்கொள். இருபது மாதம் வட்டி இல்லை. அதற்குள் அசலை அடைத்துவிடு. எனக்கு யார் ஜாமீன் போடுவார்கள் என்று கேட்டேன். யாரும் வேண்டாம், நீயேதான் என்றார். எனக்கு நானே ஜாமீன் என்றால், நான் ஓடிப்போனால் யாரைப் பிடிப்பார்கள் என்று கேட்டேன். எங்கே ஓடப்போகிறாய் என்று பயந்துவிட்டார்.

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. வட்டி இல்லாமல் ஒருவன் ஏன் கொடுக்கிறான்? அப்புறம்தான் பேட் சொன்னார், மாற்றும்போது தொகையில் கொஞ்சம் கட்டணமாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று. அதைக் கேட்டதும் நிம்மதி. நம் ஊரில் வட்டிக்காரர் முதலிலேயே கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். ஒன்றும் எடுக்காமல் கொடுப்பவரை எப்படி நம்புவது? கையெழுத்துப் போட்டேன்.

பேட் சில கட்டளைகள் போட்டார். தேதி தவறக் கூடாது. தவறினால் சலுகை போய்விடும். இருபது மாதம் முடிந்தும் கடன் மிச்சமிருந்தால் வட்டி முன்னைவிட ஏறும். புதுக் கார்டில் எதையும் வாங்கக் கூடாது, வாங்கினால் அதற்கு வட்டி உண்டு. அவருடைய கார்டு எங்கே என்று காட்டினார். ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டு ஃப்ரீசரில் உறையவைத்திருந்தார். கடையில் எதையாவது பார்த்து ஆசை வந்தால், பனிக்கட்டி உருகுவதற்குள் ஆசை போய்விடுமாம்.

நானும் அப்படியே செய்தேன். முருங்கைக்கீரைக்கும் துருவிய தேங்காய்க்கும் நடுவே கார்டு கிடந்தது. ஒருநாள் செல்வி ரசம் என்று நினைத்து டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். இளகியபோது உள்ளே என் பெயர் தெரிந்தது. விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அண்ணனுக்குச் சொன்னாள். அன்றைக்கே போன்.

"வட்டியில்லாத கார்டு இருக்காம்ல. அதுலயே டிக்கெட்டப் போட்டு வர வேண்டியதுதான?"

அது பழைய கடனுக்கு மட்டும்தான் மச்சான், டிக்கெட் வாங்கினால் வட்டி என்றேன்.

"வெள்ளக்காரக எதையும் பாதிதான் குடுப்பாக," என்றார். "அங்கன நீங்க கார்டுல ஐஸ் போடுங்க. இங்கன கம்மல் பீரோவுல கெடக்கட்டும்."

செல்வி ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. நானும் அதிகம் பேசுகிறவன் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. கடனை இருபது மாதத்தால் வகுத்து, சம்பளம் வந்த மறுநாள் தானாகப் போகும்படி வைத்தேன். லீவு நாளில் இன்னொரு கடையில் மாவு பிசைந்தேன். மாதாமாதம் அசல் இறங்கியது. அசல் இறங்கி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. செல்வியைக் கூப்பிட்டுப் போனில் காட்டினேன். பார்த்தாள். இட்லி இரண்டு கூடுதலாக வைத்தாள்.

கடைசி மாதம் வந்தது. மொத்தத்தையும் கட்டினேன். அதற்கு மேல் ஐம்பத்தொரு பவுண்டு சேர்த்துக் கட்டினேன். நம் பக்கத்தார் இதைப் படித்தால் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் என் விசேஷத்தில் மொய் வைத்தால், அவர் விசேஷத்தில் அதைத் திருப்பிவிட்டு, மேலே புதுசாக ஒன்று வைக்க வேண்டும். வாங்கியதை மட்டும் வைத்துவிட்டு வந்தால் 'முடித்துக்கொண்டான்' என்று அர்த்தம். இருபது மாதம் வட்டியில்லாமல் என்னைத் தாங்கிய வங்கி. முடித்துக்கொள்ள மனம் வரவில்லை.

வங்கியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நீங்கள் கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள், திருப்பி அனுப்பட்டுமா என்றாள். வேண்டாம், இருக்கட்டும், உங்கள் வீட்டில் விசேஷம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என்ன விசேஷம் என்றாள். கல்யாணம், காதுகுத்து என்றேன். பிறகு என் பிறந்த தேதியை மறுபடியும் கேட்டாள்.

ஒரு வாரத்தில் ஐம்பத்தொன்றும் என் கணக்குக்கே வந்துவிட்டது. மச்சானிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மொய்யத் திருப்பி அனுப்பிட்டாகளா? அப்ப ஒறவு முடிஞ்சுபோச்சு மாப்ள. நீங்க என்ன தப்பாப் பேசுனீக?"

அந்த ஐம்பத்தொன்றையும் டிக்கெட்டில் போட்டு ஊருக்குப் போனோம். மாமன் மடியில் யாழினி இங்கிலீஷில் அழுதாள். பந்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து கேட்க வந்தார்கள். கம்மல் கொஞ்சம் சின்னதாகிவிட்டிருந்தது. மச்சான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார். நான் இத்தனை வருஷம் மச்சான் மூலமாக ஊர் விசேஷங்களில் வைத்த மொய்யெல்லாம் புதுசோடு சேர்ந்து வந்தது. குச்சனூர், உத்தமபாளையம், பண்ணைப்புரம் என்று மைக்கில் ஊர் ஊராக வாசித்தார்கள். சாயங்காலம் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். "இம்புட்டுப் பேருக்குச் செய்யணும். வராம இருக்க முடியாது பாத்துக்கங்க," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். மண்டபச் செலவு போக மிச்சத்தை, இனி வைக்க வேண்டிய மொய்க்காக அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்ததும் பேட் கடனைப் பற்றிக் கேட்டார். இங்கே தீர்ந்தது, அங்கே எங்கள் பள்ளத்தாக்கு ஊர்கள் முழுக்கக் கடன் என்றேன். முகம் வாடிவிட்டது. வட்டி எவ்வளவு என்றார். வட்டி கிடையாது. எத்தனை மாதம்? கடைசித் தேதி கிடையாது. யோசித்துவிட்டு, அந்தக் கார்டுக்கு எங்கே எழுதிப் போட வேண்டும் என்று கேட்டார்.

போன சனிக்கிழமை வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஊரில் ஒரு கல்யாணம். மச்சான் எனக்காக மொய் வைத்துவிட்டு, போனை மைக்குப் பக்கம் பிடித்தார். "சின்னமனூர் முருகேசன், இருப்பு இங்கிலாந்து," என்று வாசித்தார்கள். கை முழுக்க மாவு. போனைத் தொட முடியவில்லை. கீழே கதவு ஓட்டையில் ஏதோ கடிதம் விழுந்தது. அதற்குள் மைக்கில் அடுத்தவர் பெயருக்குப் போய்விட்டார்கள்.