சம்பந்தியம்மா வைத்த சூப்

ஜப்பான்காரப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று தம்பி சொன்னபோது, அப்பா அவளுடைய சாதியையோ சமயத்தையோ கேட்கவில்லை. "கலியாணம் எங்க?" என்றுதான் கேட்டார். ஜப்பானில், பெண்ணின் ஊரில் என்றான் தம்பி. அப்பாவின் அடுத்த கேள்வி:

"அங்க நான் என்னத்தைச் சாப்பிடுறது?"

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அம்மா ஊரிலேயே காலமாகிவிட்டார். அப்பா நோர்பரியில் என்னோடும் என் கணவரோடும் இருந்தார். பிறந்ததிலிருந்து சைவம். நான் மீன் சமைக்கும் சட்டியைக்கூடத் தனியாகத்தான் வைத்திருந்தேன். லண்டனுக்கு வந்த புதிதில், எண்பதுகளின் கடைசியில், ஆஸ்பத்திரி கண்டீனில் மரக்கறி சூப் என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கிக் குடித்தார். பாதி குடித்த பிறகுதான் அது கோழி அவித்த தண்ணீரில் வைத்தது என்று தெரிந்தது. அன்று முழுவதும் பச்சைத் தண்ணீர் தவிர வேறொன்றும் வாயில் வைக்கவில்லை. அதன்பிறகு வெளியே எங்கே போனாலும் கையில் வாழைப்பழம்தான்.

வாழைப்பழத்தை நம்பி ஜப்பானுக்குப் போக முடியுமா?

எனக்கோ வயிற்றில் பிள்ளை. இலையுதிர் காலத்தில் கலியாணம் என்றால் அப்போது எனக்கு மாதம் நெருங்கிவிடும், விமானத்தில் ஏற முடியாது. என்னைத் தனியே விட்டுவிட்டு என் கணவரும் போக மாட்டார். கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார்.

"ஹவுன்ஸ்லோவில இருக்கிறவன் வந்தால் நானும் போறன்."

ஹவுன்ஸ்லோவில் இருந்தவர் ஊரில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. யாழ்ப்பாணத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிடவேண்டி வந்தபோது, கடையை அப்படியே விட்டுவிட்டு, கையில் கொண்டுபோகக்கூடியதோடு புத்தளத்துக்குப் போய், பிறகு மகனிடம் லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. அப்பாவை அண்ணை என்பார். நாங்கள் அவரை அங்கிள் என்போம். தம்பி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

கேட்ட உடனே ஒத்துக்கொண்டார். "சாப்பாடு?" என்று நான் இழுத்தேன்.

"எனக்கென்ன பிள்ளை, மீன் இருக்குமெல்லோ. இறைச்சியைத் தொடமாட்டன், அவ்வளவுதான். அண்ணையின்ர பாடுதான் கஷ்டம்."

மணப்பெண்ணின் ஊர் ஜப்பானின் தெற்குக் கோடியில், ககோஷிமா பக்கம், கடற்கரையில் ஒரு சின்ன ஊர். பன்றி இறைச்சிக்கும் மீனுக்கும் பேர்போன பகுதி என்று அவளே சொன்னாள். லண்டனுக்குப் படிக்க வந்த இடத்தில் தம்பியைச் சந்தித்தவள். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். "பயப்படாதீர்கள், மரக்கறிச் சாப்பாடு நிறைய இருக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். அப்பா தலையாட்டுவார். அவள் போனதும் என்னைப் பார்த்து, "கண்டீன்காரனும் இதைத்தான் சொன்னவன்" என்பார்.

வசந்த காலத்தில் பெண்ணின் அம்மா லண்டனுக்கு வந்தார். ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. எங்கள் வீட்டில் தங்கினார். வந்த மறுநாளே தான் சமைக்கவேண்டும் என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். நான் அடுப்படியை விட்டுக்கொடுத்தேன். அங்கிளையும் வரச்சொன்னோம்.

மேசையில் சோறு, கத்தரிக்காய், ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்ணம் சூப். சூப்புக்குள் வெள்ளை வெள்ளையாகத் தோஃபு என்ற சோயாக்கட்டித் துண்டுகள், மேலே வெங்காயத்தாள். இறைச்சி இல்லை, மீன் இல்லை, எல்லாம் மரக்கறி என்று மணப்பெண் சொன்னாள். பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. அப்பா முருகனை நினைத்துக்கொண்டு கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

அங்கிள் தன் கிண்ணத்தை மூக்கருகில் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"அண்ணை, பொறுங்கோ. குடியாதேங்கோ."

"என்ன?"

"இதுக்குள்ள மாசி கிடக்கு."

நான் என் கிண்ணத்தை மோந்து பார்த்தேன். உண்மைதான். சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாட்டின் மணம், புகை பிடித்த அதே வாசம். எப்படி எனக்குப் பிடிபடாமல் போனது என்று தெரியவில்லை. அப்பா கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

மணப்பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதில் மீன் இல்லையே" என்றாள். பிறகு யோசித்து, "மீனைச் சீவிப்போட்டுக் கொதிக்கவைத்து, வடித்து எடுத்துவிடுவோம். தண்ணீர் மட்டும்தான் சூப்பில் இருக்கும்" என்றாள். அவளுக்கு அது தண்ணீர்தான். அந்த ஊரில் சோறு தவிர அநேகமாக எல்லாவற்றிலும் அந்தத் தண்ணீர் இருக்கும் போல.

அவள் தன் அம்மாவுக்கு ஜப்பானிய மொழியில் சொன்னாள். அந்த அம்மா விறுவிறென்று அறைக்குள் போய், துணியில் சுற்றிய ஒரு கட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். மரக்கட்டை மாதிரி இருந்தது. அங்கிள் அதை எடுத்துத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"சாட்சாத் மாசி" என்று சிரித்தார். "மாலைதீவிலயிருந்து வாறதிலும் பார்க்க நல்ல சாமான்."

அது அவர்கள் ஊரில் செய்வதாம். சம்பந்திக்குக் கொடுக்கவென்று, தங்கள் ஊரின் மிகச் சிறந்ததைத் தேடி அப்பாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அதை மகள் மொழிபெயர்க்கும்போதே அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். முதுகைத் தடவுவது அவர்களுக்குச் சரியோ பிழையோ தெரியவில்லை. தடவினேன்.

மணப்பெண்ணும் கண் கலங்கித்தான் சொன்னாள். "அம்மா லண்டன் பார்க்க வரவில்லை. கலியாணம் பேசின நாளிலிருந்து அவருக்கு ஒரே பயம். அவ்வளவு தூரத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து, தன் வீட்டில் பட்டினி கிடந்துவிட்டுப் போவார்களோ என்று. நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பார்க்கத்தான் வந்தார்."

அப்பா அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முகம் இளகியதை நான் கண்டேன்.

"இவவும் என்னைப்போலத்தான் பயந்துகொண்டு இருந்திருக்கிறா" என்றார். பிறகு மணப்பெண்ணிடம், "அழ வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை. இஞ்ச தெரிஞ்சது நல்லதுக்குத்தான். அங்க போய்த் தெரிஞ்சிருந்தா என்ன செய்யிறது?" என்றார். அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. நான் மொழிபெயர்த்தேன், அவள் திரும்ப மொழிபெயர்த்தாள். அந்த அம்மா எழுந்து நின்று அப்பாவுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். அப்பாவும் எழுந்து கும்பிட்டார். அன்றிரவு அப்பா சோறும் தயிரும் சாப்பிட்டார். வெகுநாளைக்குப் பிறகு ரசித்துச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் தாயும் மகளும் நகரத்தின் மறுகோடியிலிருந்த ஒரு ஜப்பானியக் கடைக்குப் போய், காய்ந்த கடற்பாசியும் காய்ந்த காளானும் வாங்கி வந்தார்கள். கோயில்களில் துறவிகளுக்கு இப்படித்தான் சமைப்பார்கள், மீன் கிட்டவும் வராது என்றாள் மகள். கடற்பாசி கறுப்பாக, அகலமாக, தோல்வார் மாதிரி இருந்தது. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள்.

அப்பாவுக்கு அதிலும் ஒரு சந்தேகம். "கடலில இருந்து வாறது, மீன் மாதிரி இதுவும் மச்சமோ?"

ஷிப்ட் முடிந்து வந்திருந்த அங்கிள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பதில் சொன்னார். "உப்பும் கடலில இருந்துதான் வருது, அண்ணை."

அடுப்பில் பூசணிக்காய் வெந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா ஒரு போத்தலைத் திறந்து ஊற்றப்போனவர், கையை நிறுத்திவிட்டு, போத்தலை அங்கிள் பக்கம் நீட்டி ஏதோ கேட்டார். சமையலுக்கென்றே செய்யும் இனிப்பு அரிசிக் கள்ளாம். அவர்கள் பூசணிக்காய்க்கும் ஊற்றுவார்கள், மீனுக்கும் பூசுவார்கள். முதல் நாள் கத்தரிக்காய்க்கும் ஊற்றியிருந்தார். சூப்போடு எழுந்த அமளியில் அதை யாரும் தொடவில்லை.

அங்கிள் நெஞ்சில் கையை வைத்தார். "இல்லை அம்மா, எனக்கு ஏலாது."

மகள் மொழிபெயர்க்கவேண்டி இருக்கவில்லை. அந்த அம்மா போத்தலை மூடி, அதற்குப் பதிலாகச் சீனியை அள்ளிப் போட்டார். மீன் எப்படியும் இருக்கும், எனக்குக் கவலையில்லை என்றிருந்த அங்கிளுக்கு அப்போதுதான் உறைத்தது. "பார்த்தியா பிள்ளை," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார், "அண்ணைக்குத்தான் கஷ்டமெண்டு நான் நினைச்சன்."

அப்பா அன்று சூப்பை முதலில் கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு கிண்ணத்தைத் தூக்கினார். குடித்து முடித்து வெறும் கிண்ணத்தைச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினார். இன்னும் வேண்டும் என்று கேட்கிறார் என்பது விளங்க அந்த அம்மாவுக்கு ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும், வந்த நாளிலிருந்து முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார்.

அந்த மாசிக் கட்டியை அங்கிள் ஹவுன்ஸ்லோவுக்குக் கொண்டுபோய், தேங்காய்ச் சம்பலில் இடித்துப் போட்டு ஒரு டப்பாவில் திருப்பிக் கொண்டுவந்தார். சம்பந்தியம்மா உறைப்பில் கண்ணீர் வர வர, சோற்றோடு அதை முழுவதும் சாப்பிட்டார். நானும் அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது எனக்கு அந்த ருசிதான் கேட்டது.

இலையுதிர் காலத்தில் அவர்கள் போனார்கள். ஹீத்ரோவில் வழியனுப்பும்போது அப்பாவின் பையில் வாழைப்பழம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆனாலும் எனக்குள் பயம் போகவில்லை. ஒரு வீட்டு அடுப்பில் சமைப்பது வேறு, கலியாண மண்டபத்தில் யாரோ சமைப்பது வேறு. கலியாணத்தன்று காலையிலிருந்து டெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். மத்தியானம் மணி அடித்தது. அங்கே இரவாகியிருக்கும்.

"பிள்ளை," என்றார் அப்பா, "சாப்பிட்டனாங்கள்."

தாலி கட்டியதைப் பற்றியோ பெண்ணின் உடுப்பைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டைத்தான் சொன்னார். சம்பந்தியம்மா சமையல்காரரோடு நின்று இரண்டு பேருக்கும் தனித்தனிப் பானை வைக்கச் சொன்னாராம். அப்பாவுக்கு எள்ளில் செய்த தோஃபு, கடற்பாசி சூப், பொரித்த வற்றாளங்கிழங்கு. அங்கிளுக்கு உப்பு மட்டும் தடவிச் சுட்ட மீன். எல்லோரும் கிழங்குச் சாராயத்தைத் தூக்கிப் பிடித்து வாழ்த்தியபோது, இவர்கள் இரண்டு பேருக்கும் தேநீர் வந்ததாம். பெண்ணின் அப்பாவும் தன் கோப்பையை வைத்துவிட்டு இவர்களோடு தேநீர் குடித்தாராம்.

"எங்கட ஊர் வற்றாளங்கிழங்கு இந்த ருசிக்குக் கிட்டவும் வராது" என்றார் அப்பா. பின்னால் அங்கிள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. காசு ஏறும் என்று தம்பி டெலிபோனை வாங்கிக்கொண்டான்.

ரிசீவரை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். என் கணவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதோ?" என்றார்.

"ஓம். வயிறு நிறையச் சாப்பிட்டினமாம்."

அவர் கீழே இறங்கிவந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.