ஸ்விட்ச் இல்லாத சுவர்

நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் கரண்ட் போய்விடும். மறுநாள் காலையில் நான் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடும். சாபமோ சூனியமோ இல்லை. டெக்சாஸில் ஓர் ஆர்.வி. பார்க்கில் எங்களுக்கு ஒரு மாதமாக நடந்துகொண்டிருந்த கூத்து. முழுக்கப் போனாலாவது பரவாயில்லை. விளக்கு எரியும், ஏசி ஓடும். சமையல் மேடைக்கு மேலே இருக்கும் ப்ளக் பாயிண்டுகள் மட்டும் செத்துக் கிடக்கும். மிக்ஸியில் தேங்காயைப் போட்டுவிட்டு நிற்கும் என் மனைவி சாந்தி, "இன்னாங்க, நீங்க காலை உள்ள வெச்சாலே கரண்டு ஓடிப் பூடுது. பேசாம பூட்ஸ் கம்பெனியிலயே படுத்துக்கினா இன்னா?" என்பாள்.

ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் உள்ளே அடைத்த வண்டி. விடுமுறையில் ஊர் சுற்றுவதற்காக அமெரிக்கர்கள் செய்தது. நாங்கள் எங்கேயும் சுற்றவில்லை. வாடகை வீடு கட்டுப்படியாகாமல், பழைய வண்டி ஒன்றை வாங்கி, வண்டிகளுக்கு வாடகைக்கு இடம் விடும் இந்தப் பார்க்கில் ஒரே இடத்தில் நிறுத்திக் குடித்தனம் நடத்துகிறோம். ஆம்பூரில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்த நான், இங்கே ஒரு பூட்ஸ் கம்பெனியில் அதே வேலையைச் செய்கிறேன். சொந்தக்காரர்களிடம் "அமெரிக்காவில் சொந்த வீடு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். சக்கரம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தனியாக இருந்தவரை வெளியே வாங்கித் தின்றே காலத்தை ஓட்டிவிட்டேன். சமையலறை ப்ளக்கில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. சாந்தி வந்து, இந்த நாட்டுக் கரண்டுக்கென்றே செய்த மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகுதான் கோளாறு வெளியே தெரிந்தது. எங்கள் வண்டிக்குக் கரண்ட் தரும் பார்க்கின் மின்கம்பம்தான் சரியில்லை என்று மேனேஜர் டாரதியிடம் திரும்பத் திரும்பப் புகார் செய்தேன். கம்பத்தை ஆள் வந்து சோதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் டாரதியே வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பெண்மணி.

"குளியலறை அவுட்லெட்டைப் பார்த்தாயா?" என்று கேட்டார். ப்ளக் பாயிண்டுக்கு இங்கே அதுதான் பெயர்.

"தினமும் சாயங்காலம் வந்ததும் முதல் வேலையே அதுதான்" என்றேன் பெருமையாக. பொறுப்பான ஆள் என்று நினைத்திருப்பார் போல, மேற்கொண்டு அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தத் தவறுக்கு இருவரும் பங்குதாரர்கள்.

பிறகு, வெளியே கூரைத் துணிக்குக் கீழே உட்கார்ந்திருந்த கிரைண்டரை, கட்டிப்போடாத நாயைப் பார்ப்பது போல் பார்த்தார். "கோளாறு உன் வண்டியில் இருக்க வேண்டும், அல்லது இதில். சனிக்கிழமைக்குள் சரிசெய். பாதுகாப்பில்லாத வண்டியை இங்கே நிறுத்த விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வண்டியின் வயதுக்கு இடம் கொடுக்கிற பார்க் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு இல்லை. "கிரைண்டரும் போகாது, நாங்களும் போகமாட்டோம்" என்று வீரமாகச் சொன்னேன். அவர் காரைக் கிளப்பிப் போன பிறகுதான் சொன்னேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆம்பூரில் தோல் ஷெட்டு ஒன்றில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் என் பள்ளித் தோழன் இம்தியாஸை வீடியோவில் அழைத்தேன்.

"இன்னா தோஸ்த், அமெரிக்காவுலயும் கரண்டு கட்டா? கேக்கவே எவ்ளோ குஷியா இருக்குது தெர்யுமா!"

"பேஜார் பண்ணாத பாய். பாதி வீடு செத்துக் கெடக்குது."

"ஒரு பேஸ் பூட்டிருக்கும்டா. சேஞ்ச் ஓவரைத் திருப்பிப் போடு."

"இங்க அதெல்லாம் கெடையாது."

"அதுகூட இல்லாத ஊர்ல இன்னாடா பண்றே? கெளம்பி வந்துடு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் மூன்று வழியாகக் கரண்ட் வரும்; ஒரு வழி செத்தால், மெயின் போர்டு பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பி, உயிரோடு இருக்கும் வழிக்கு மாறிக்கொள்வோம்.

"பாத்ரூம் பாயிண்டு எப்டி?" என்றான்.

"அதை டெய்லி ஆஃப் பண்ணித்தான் வெக்கிறேன்."

"கரெக்ட்டு. தண்ணி ஜாஸ்தி பொழங்கற எடம். ஆஃப்லயே வை" என்றான் நிபுணன்.

ஆஃப் செய்வது எங்கள் ரத்தத்தில் ஊறியது. ஒருமுறை குடும்பத்தோடு அரக்கோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போனோம். ரயில் குடியாத்தத்தைத் தாண்டியதும், அயர்ன் பாக்ஸ் ஸ்விட்சை அணைத்தோமா என்ற சந்தேகம் அப்பாவுக்கு வந்துவிட்டது. காட்பாடியில் இறங்கி, அடுத்த வண்டியைப் பிடித்து ஆம்பூருக்கே திரும்பிப் போனார். தாலி கட்டி முடித்துக் கடைசிப் பந்தி நடக்கும்போது வந்து சேர்ந்தார். "ஆஃப்லதான் இருந்துச்சு" என்று அவர் சொன்னபோது, அந்த முகத்தில் இருந்த நிம்மதி மாப்பிள்ளை முகத்தில்கூட இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம், நான் வேலையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில் டாரதி வந்தார். சாந்தி வழக்கம்போல் தேங்காய், மிளகாய், பொட்டுக்கடலையைப் போட்டு, மிக்ஸியின் குமிழை ஆனில் வைத்துப் பார்த்துவிட்டு, ஓடாததால் மூடியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றிருந்தாள். டாரதி பிரேக்கர் பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரி. நேரே குளியலறைக்குப் போனார். பெரிய அறிவாளியைப் போல நான் மிக்ஸிக்குள் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். மிக்ஸி உறுமியது. சட்னி என் கண்ணாடியிலும் கூரையிலும் அடித்தது. பக்கத்தில் இருந்த ப்ளக்கைப் பிடுங்கியிருக்கலாம். எங்கள் வம்சத்துக்கு அப்படியெல்லாம் தோன்றாது. குளியலறைக்கு ஓடி, டாரதியின் கைக்கு அடியில் என் கையை நுழைத்து, தினமும் அமுக்குகிற அந்த மேல் பட்டனை அமுக்கினேன். மிக்ஸி நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்ன செய்தாய்?" என்றார் டாரதி.

"ஆஃப் செய்தேன்."

"அது ஆஃப் இல்லை. ஷாக் அடிக்காமல் தடுக்கிற கருவி வேலை செய்கிறதா என்று சோதிக்கிற பட்டன். அமுக்கினால் இதோடு சேர்த்து சமையலறை அவுட்லெட்டுகளும் நின்றுவிடும்."

தினமும் சாயங்காலம் கை கழுவ வரும்போது நான் மேல் பட்டனை அமுக்குவேன், பச்சை விளக்கு அணையும். காலையில் நான் போன பிறகு, ஹேர் டிரையரில் தலை காயவைக்க வரும் சாந்தி கீழ்ப் பட்டனை அமுக்குவாள், பச்சை விளக்கு எரியும். ஸ்விட்ச் என்றால் ஆன் ஒன்று, ஆஃப் ஒன்று. இதில் என்ன சந்தேகம்?

"ஒரு மாசமா திருடனை வீட்லயே வெச்சிக்கினு கம்பத்து மேல பழி போட்டுக்கினு இருந்தோம்" என்று சாந்தி தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

நானும் சிரித்திருக்கலாம். மூக்கின் மேல் சட்னி வழிகிறபோது ஒரு மனிதனுக்கு ரோஷம் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. "அப்படியானால் ஸ்விட்ச் எங்கே?" என்றேன்.

"எதற்கு ஸ்விட்ச்?"

"எதற்கா? எங்கள் ஊரில் பேருந்து நிலையத்து லாட்ஜில்கூட ஒவ்வொரு ப்ளக்குக்கும் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் உண்டு. இங்கே இருபத்துநாலு மணி நேரமும் சுவர் வாயைத் திறந்துகொண்டு கரண்டோடு நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நீங்கள் நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். பாதுகாப்பில்லாதவன் நானா?"

டாரதி சமையல் மேடைப் பக்கம் வந்தார், நானும் பின்னாலேயே வந்தேன். கூரையிலிருந்து ஒரு சொட்டுச் சட்னி எங்கள் இருவருக்கும் நடுவே விழுந்தது. "இனி அந்தப் பட்டனைத் தொடாதே. இங்கேயே இருக்கலாம்" என்றார்.

"தொடமாட்டேன். ஆனால் கடையில் ஸ்விட்ச் வைத்த அடாப்டர் விற்கிறது. வாங்கி எல்லா அவுட்லெட்டிலும் மாட்டுவேன். கிரைண்டரும் இருக்கும்." இந்த முறை அவர் எதிரிலேயே சொன்னேன்.

"மாட்டிக்கொள். உன் வீடு" என்றார். வண்டி என்று சொல்லவில்லை.

இந்தப் பார்க்கில் நிரந்தரமாகத் தங்குகிறவர்கள் வாசலில் ஒரு பலகை தொங்கவிடுவார்கள். வந்த ஊரை அதில் எழுதுவார்கள். மறுநாள் டாரதி எங்களுக்கும் ஒரு வெற்றுப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் சாந்தியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, ஆம்பூர் என்று தமிழிலேயே எழுதினேன். "அதெப்டி? விரிஞ்சிபுரம் இன்னா மேப்புலயே இல்லாத ஊரா?" என்று சாந்தி பிரஷ்ஷைப் பிடுங்கி, மறுபக்கத்தில் தன் ஊரை என் எழுத்தைவிடப் பெரிதாக எழுதினாள். ஒற்றைச் சங்கிலியில் மாட்டினோம். டெக்சாஸ் காற்று எங்களைக் கேட்காமல் பலகையைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது: கொஞ்ச நேரம் நான் ஆம்பூர்க்காரன், கொஞ்ச நேரம் விரிஞ்சிபுரத்து மாப்பிள்ளை. தெருவோடு போகிறவர்கள் நின்று, அழகான டிசைன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் மொத்தம் இரண்டே பேர். இரண்டு பேரும் அந்தப் பலகைக்குப் பின்னால், வண்டிக்குள் இருக்கிறோம்.