மெரூன் நொய்யல்

என் சிறுவயதுக் கோடை மாலைகளில் நொய்யல் பாலத்தை நெருங்கும்போதே வெந்நீரில் கரைந்த சாயத்தின் காரமான வாசம் மூக்கில் ஏறும். அந்த வாசத்துக்கு நடுவே, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அட்டையைச் சாய்த்துவைத்து, என் சித்தி ஆற்றை வரைந்துகொண்டிருப்பார். சாயப்பட்டறையில் துணியின் நிறத்தைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. ஞாயிறு மட்டும் ஓவியர். ஆறு அன்றைக்கு எந்த நிறத்தில் ஓடியதோ அந்த நிறத்தில்தான் வரைவார். வரைந்ததும் வெள்ளை பனியன் துணித்துண்டு ஒன்றை ஆற்றில் நனைத்து, காயவைத்து, தேதி எழுதி, படத்தின் பின்புறம் ஒட்டிவிடுவார். பட்டறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் "சாம்பிள்" எடுத்துவைத்த பழக்கம் அது. தேதி குறிக்கும் பைத்தியம் எனக்கும் அவரிடமிருந்துதான் தொற்றியது.

நான் ஆறாம் வகுப்பு முடித்த விடுமுறையில், டவுனில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குச் சித்தி முதன்முறையாக ஒரு படம் கொடுத்தார்: கரைதொட்டு ஓடும் "மெரூன்" நிற நொய்யல். திறப்புக்கு முந்தைய நாள் கண்காட்சிக் குழுவினர் கூப்பிட்டனுப்பினார்கள்; அம்மாவும் நானும் கூடப் போனோம்.

"வேலை சுத்தமா இருக்குது அம்மிணி. ஆனா ஆறுன்னா நீலமா இருக்கோணுமல்ல? சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடுத்தா மாட்டிப்போடலாம், இல்லீன்னா கஷ்டம்" என்றார் பொறுப்பாளரான ஓவிய ஆசிரியர்.

"மாத்தறதுன்னா ஆத்தத்தானுங்க மாத்தோணும்" என்று சித்தி படத்தைத் திருப்பிக் காட்டினார்.

குழுவில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியும் இருந்தார். துணியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்குமா? படத்தோடு ஜன்னலுக்குப் போய், துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பெருமையாகச் சொன்னார்: "நம்ம மெரூனுங்க இது. போன மாசந்தான் கப்பலேறுச்சு."

சொன்ன பிறகுதான் அந்தத் துண்டு எங்கே நனைந்தது என்பது அவருக்கு உறைத்தது.

"ஷேடு ஒத்துப்போச்சுங்களா?" என்று சித்தி பணிவாகக் கேட்டார்.

ஆசிரியர் சிரித்துவிட்டார். தாமே ஸ்டூலில் ஏறி, வாசலுக்கு நேரெதிரே ஆணியடித்துப் படத்தை மாட்டினார். கண்காட்சி முடியும்வரை கூட்டம் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றது. சித்தி அதன் பக்கத்தில், நிமிர்ந்து.

இன்று அந்த மெரூன் இல்லை. சாயநீர் சுத்திகரிப்புக்குப் போகிறது, நொய்யலில் ஓடுவது மங்கலான சாம்பல் நீர். சென்ற ஞாயிறு சித்தி அதைத்தான் வரைந்துகொண்டிருந்தார். பைக்கை நிறுத்தி எட்டிப்பார்த்த ஒரு பையன், "ஏனுங்க, கொஞ்சம் கலரு சேத்துனா நல்லாருக்குமில்லீங்க?" என்றான்.

"ஆறு சேத்தட்டும் கண்ணு, நானும் சேத்தறேன்" என்றார் சித்தி.