சந்தியாவின் குடை

கல்கத்தாவின் டாலிகஞ்சில் நான் குடியிருக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. ஒரு கம்பி வளைந்திருக்கும். துணியின் ஓரத்தில் குரங்கின் பல் பட்ட கிழிசல். மழைக்கு நான் வேறு குடை வைத்திருக்கிறேன். இது டாக்டர் தீதியுடையது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் குரங்குக் கூண்டுகளைக் கழுவித் தீனி வைக்கும் வேலையில் இருந்தேன். அப்பா துறைமுக வேலைக்காகத் திருச்சிப் பக்கத்திலிருந்து கல்கத்தா வந்தவர். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மனிதர்கள் முன்னால் எனக்கு நா எழாது. குரங்குகள் பதில் கேட்பதில்லை என்பதால் அந்த வேலை பொருந்திப்போயிற்று. வங்காளத்தில் அக்காவைத் தீதி என்பார்கள். நான் அப்படிக் கூப்பிட்டவர் அங்கே விலங்கு மருத்துவர், வங்காளி, என்னைவிடச் சில வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மத்தியானம் மற்ற டாக்டர்கள் கேன்டீனுக்குப் போய்விட, அவர் மட்டும் கூண்டுகளுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு டிபன் டப்பாவைத் திறப்பார். சற்றுத் தள்ளி நான் என் டப்பாவைத் திறப்பேன். "மதராஸி பாபு, இன்னிக்கும் தயிர்ச்சோறா? உங்க ஊர்ல வேற எதுவும் விளையாதா?" என்பார். நான் சிரிப்பேன். பெரும்பாலும் அதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருஷம் பிறந்த ஒரு பெண் குட்டி, வெயில் கூண்டில் விழுந்ததுமே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். இமை படபடக்கும், கருவிழி நிலைகொள்ளாமல் ஆடும். எதிரில் போட்ட பழத்தைத் தரையில் தடவித் தேடும். பொழுது சாய்ந்தால் அதே குட்டி கம்பிக்குக் கம்பி தாவும். அதனால் தீதி அதற்குச் சந்தியா என்று பெயர் வைத்தார். பல நாள் அதன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். விழித்திரையில் பகலையும் நிறத்தையும் பார்க்கிற பகுதி பிறவியிலேயே வேலை செய்யவில்லை, மருந்து கிடையாது என்றார். மறுநாள் தன் குடையை விரித்து, கூண்டின் கிழக்குப் பக்கம் வெயில் மறையக் கட்டினார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நான் குடையை அவிழ்க்கப் போனேன். "விடு, நான் என்ன சர்க்கரையா, கரைஞ்சு போக?" என்று நனைந்துகொண்டே மெட்ரோவுக்கு நடந்தார்.

சந்தியாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அக்கா நினைவு வரும். அத்தான் தவறிய பிறகு அவள் தன் மகளோடு என் வீட்டில்தான் இருந்தாள். பகலில் லேக் மார்க்கெட்டுக்குப் போனால் முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, தலை குனிந்து நடப்பாள். தக்காளி காயா பழமா என்று அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவாள். இருட்டிய பிறகோ காளிகாட் சந்துகளில் என்னை முந்திக்கொண்டு போவாள். வெயில் ஆகாத உடம்பு என்று எங்கள் வீட்டில் விட்டுவிட்டார்கள். அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. அவள் மகளை நான் கட்டிக்கொள்ள வேண்டும். தை மாதம் என்று பேசியும் ஆயிற்று. எனக்கும் உள்ளூர ஆசைதான். யாரிடமும் அதிர்ந்து பேசாத அந்தப் பெண் என்னிடம் மட்டும் சத்தமாகச் சிரிப்பாள்.

ஒரு மத்தியானம் தீதி, சந்தியாவைப் பெற்ற இரண்டு குரங்குகளையும் காட்டினார். "இதுங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டுக்குள்ளயும் அந்தக் குறை ஒளிஞ்சிருக்கு. ரெண்டுகிட்டேருந்தும் வந்து சேர்ந்தா குட்டிகிட்ட வெளிய வந்துடும்." பிறகு சிரித்தார். "ஒரே கூண்டுக்குள்ள மாமனையும் அக்கா மகளையும் ஜோடி சேர்த்தா வேற என்ன ஆகும்?"

எடுத்த கவளத்தை டப்பாவிலேயே திரும்பப் போட்டேன். என் அப்பா என் அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன்.

அன்றுதான் அவரிடம் நானாக வாய் திறந்தேன். அக்காவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவள் மகளை எனக்குப் பேசியிருப்பதையும் சொன்னேன். "ஏ மா! பாக்னியையா?" என்று தீதி வாயில் கை வைத்தார். பாக்னி என்றால் அக்கா மகள்; அவர்களுக்கு அவள் பெற்ற மகள் மாதிரி. "எங்க பக்கம் அதுதான் முறை, தீதி. வேற இடத்துல கொடுத்தாத்தான் ஏன்னு கேப்பாங்க" என்றேன். அவர் சிரிப்பு போய்விட்டது. டப்பாவை மூடி வைத்தார். "கட்டாதேன்னு நான் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். அந்தப் பொண்ணுக்குள்ள அது கண்டிப்பா இருக்கும். உனக்குள்ள இருக்கான்னு பார்க்க என்கிட்ட வழியில்ல. வேணும்னா உங்க அக்காகிட்ட நான் வந்து பேசறேன்." வேண்டாம் என்றேன். ‘உன் கண்ணில் இருக்கும் குறையால்தான் உன் மகளைக் கட்டவில்லை’ என்பதை யார் வாயால் கேட்டாலும் அக்காவுக்கு அது நான் சொன்னதாகத்தான் இருக்கும்.

எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். "ஏன்டா, என் பொண்ணு உனக்குக் கசக்குதா? குரங்கோடயே கெடந்து மனுசங்க வேண்டாதவங்களா ஆயிட்டாங்களா?" என்று அக்கா கத்தினாள். அந்தப் பெண் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். பால் பொங்கி வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், இறக்கவில்லை. அடுத்த வருஷம் திருச்சியில், சொந்தமில்லாத அசலில் மாப்பிள்ளை அமைந்தது. அக்காவும் மகளோடு போய்விட்டாள்.

சில வருஷம் கழித்து ஒரு குளிர்காலத்தில் சளி பிடித்துச் சந்தியா செத்துப்போயிற்று. பிறகு குரங்குக் கூண்டுகளையே மூடிவிட்டார்கள். தீதிக்கு வடக்கே எங்கோ மாற்றல். கூண்டிலிருந்து குடையை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "தனியா உக்காந்து சாப்பிடாதே" என்றார். போன இடத்தில் அவர் யாரோடு சாப்பிட்டாரோ தெரியாது. நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

போன பூஜை விடுமுறையில் அக்கா தன் மகளோடும் பேத்தியோடும் வந்திருந்தாள். உச்சி வெயிலில் லேக் மார்க்கெட்டுக்குப் போனோம். தீதியின் குடையை அக்காவுக்குப் பிடித்துக்கொண்டு நடந்தேன். குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டு வெயிலில் முன்னால் ஓடி, பூக்கடையைப் பார்த்துக் கண்ணை அகல விரித்து, "அம்மாச்சி, அந்த ஆரஞ்சு மாலை!" என்று கத்தியது. அக்கா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இவளுக்கு என் கண்ணு வரல, பாத்தியா" என்றாள். பூக்கடையைத் தாண்டினோம். பிறகு, "அதுக்குத்தானாடா?" என்றாள்.

நான் குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.

அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்து, குடையைத் துணியால் துடைத்து அதே ஆணியில் மாட்டினேன். வெயிலுக்கு விரித்த குடை, நனைந்திருக்கவில்லை. இருந்தாலும் துடைத்தேன்.