தங்கை கணவரின் கிதார்

தங்கையும் அவள் கணவரும் ஊரில் இல்லாதபோது, அவருடைய கிதாரைச் சேலத்துக்கு எடுத்துப்போய்ப் பாழாக்கினேன். தெரியாமல் செய்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். தெரிந்துதான் செய்தேன்.

ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியன். மாப்பிள்ளையைத் தற்காலிக இசை ஆசிரியராக அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வளர்ந்தவர். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் அவர் அப்பாவுக்கு வேலை. அந்த இயந்திரத்தின் ரீங்காரத்தைச் சிறுவயதில் கிதாரில் தேடிப் பார்த்தாராம், கிடைக்கவில்லை. கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்பார்கள். எந்தெந்தச் சுரம் வரலாம் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் ஒலிகளுக்கு அங்கே இடமில்லை. அவருக்கு அந்த ஒலிகள்தான் வேண்டும். ஆகவே ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, காதால் கேட்டுக் கேட்டு இடம் கண்டுபிடித்து, சிறு ரம்பத்தால் பள்ளம் அறுத்து, சில இடங்களில் நெருக்கமாகவும் சில இடங்களில் கோணலாகவும் மறுபடி பதித்துக்கொண்டார். பல வருட வேலை. அளவு எதையும் தனியாகக் குறித்து வைக்கவில்லை. அந்தக் கழுத்துதான் அளவு.

அந்த இசையைக் கேட்டு முதலில் எனக்குப் பல் கூசியது. பிறகு பிடித்துப்போனது. துக்கத்தில் பேசும்போது குரல் ஓரிடத்தில் நிற்காமல் சரியுமே, அப்படிச் சரியும் அது. ஒரு மழைநாளில் அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது கண் கலங்கியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆசிரியர்கள் அறையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

“ஏனுங் சார், உங்க மாப்பிள்ளைக்குக் காதுல அழுக்குங்களா? எங்க ஊட்டு கிரைண்டரு இதவிடச் சுருதியா ஓடுதுங்க” என்பார் கணக்கு ஆசிரியர்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒருவர் மாப்பிள்ளை வாசிப்பதைக் கேட்க வருவதாக இருந்தது. புது மாதிரி இசைக்கு மேடை அமைத்துக் கொடுப்பவர். பிடித்திருந்தால் வெளிநாட்டுக் குழு ஒன்றோடு வாசிக்க அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பள்ளி முதல்வரோ, ஆண்டு விழாவில் ஒழுங்காக நாலு பாட்டு வாசிக்கட்டும், வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று என்னிடம் சொன்னார். தங்கைக்கு அப்போது ஆறாம் மாதம். கணவர் வெளிநாடு என்று கிளம்பிவிட்டால் அவள் கதி என்ன என்று பயந்தேன். இது பாதிக் காரணம். லைன் வீட்டிலிருந்து வந்தவர் என்னால் எட்ட முடியாத ஓரிடத்துக்குப் போய்விடுவார் என்ற எரிச்சல் மறு பாதி.

அவர்கள் இருவரும் ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது.

“எந்தப் புண்ணியவானுங்க இத இப்பிடிக் கொதறி வச்சது?” என்றார் சேலத்துக் கடைக்காரர்.

“ஊட்டுல பசங்க வெளையாண்டுட்டாங்க.”

“கவலைய உடுங்க. புதுசாட்டம் பண்ணித் தந்தர்றேன்.”

ஃப்ரெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகர டப்பாவில் போட்டார். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பார்த்துக்கொண்டு நின்றேன். மரத்தூளும் பசையும் வைத்துப் பள்ளங்களை அடைத்து, தேய்த்து, எல்லாக் கிதாரிலும் இருப்பதுபோல ஃப்ரெட் போட்டுக் கொடுத்தார். கொண்டுவந்து பெட்டியில் பழையபடி வைத்துவிட்டேன்.

கல்யாணத்திலிருந்து அவர்கள் திரும்பிய அன்றே சென்னைக்காரர் வந்துவிட்டதால், வந்தவரின் எதிரில்தான் என் மாப்பிள்ளை பெட்டியைத் திறந்தார். கழுத்தின் மேல் கையை ஓட்டினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் வெளியே போய்விட்டேன். நான் திரும்பி வரும்போது தந்திகளை இழுத்து வளைத்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். ஃப்ரெட் மாறிவிட்டது என்று அவர் சொன்னதை வந்தவர் சாக்காக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு, பார்க்கலாம் என்று மலையிறங்கிப் போனார்.

“மச்சான், நீங்களா?”

“கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் மாப்ள. உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சுட்டேன்.”

அவர் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு, “உடுங்க. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார்.

ஆண்டு விழாவில் நாலு பாட்டு வாசித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. வேலை நிரந்தரமானது. ஒருமுறை மறுபடி ஃப்ரெட்டைப் பிடுங்கப் பார்த்தார், அறுத்து அறுத்து நொய்ந்திருந்த கழுத்து பிளந்துவிட்டது. ஓய்வு பெறும்வரை பள்ளிக் கிதாரில் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பாட்டும் பிரார்த்தனைப் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். சீசனில் லாட்ஜுகளில் டூரிஸ்ட்டுகள் கேட்ட சினிமாப் பாட்டுகளை வாசித்தார். சென்னையிலிருந்து அதன்பின் யாரும் வரவில்லை.

இப்போது அவர்கள் செம்மநத்தத்தில் இருக்கிறார்கள். என் மனைவி இறந்த பிறகு ஞாயிறுதோறும் அவர் பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார், சமைப்பார், சேர்ந்து சாப்பிடுவோம். எனக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை. நல்ல கிதார் ஒன்று வாங்கி, ஃப்ரெட்டுகளை எடுத்துவிட்டு, வெறும் கழுத்தாக்கி எடுத்துக்கொண்டு போனேன். அவர் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சுதான் பண்ணுனேன் மாப்ள. சென்னைக்காரரு வர்றதும் தெரியும். அந்தக் கழுத்து என்னன்னும் தெரியும்.”

அவர் கை நின்றது.

“தெரியாம பண்ணிட்டாருன்னு நெனச்சுத்தானுங்க மச்சான் இத்தன வருசம் உங்க ஊட்டுல கை நனச்சேன்” என்றார்.

கிதாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. தங்கைதான் பஸ் வரை வந்தாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. “பாத்துப் போங்க” என்றாள்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சில மாதங்கள் கழித்துத் தங்கை போன் செய்தாள். காலையில் எழுந்ததும் கிதாரோடு உட்கார்ந்துவிடுகிறாராம். ஒரு ஃப்ரெட்டுக்கு இடம் பிடிக்கவே நாள்கணக்காகிறதாம். விரல் முட்டி வீங்கிப்போகிறதாம், வெந்நீரில் வைத்துக்கொண்டு மறுபடி வாசிக்கிறாராம். சேலத்தில் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்டார்களாம்.

“ஒருக்கா வந்து, ஊட்டுக்குள்ள வராம வெளியவே நின்னு கேட்டுட்டுப் போயிர்றனே அம்மிணி.”

“வேண்டாங்ணா. உங்களப் பாத்தாருன்னா மறுபடி மூடி வச்சிருவாரு.”

சரி கண்ணு என்றேன். போகவில்லை.