காளியாயி வீட்டுப் பந்தி

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் காளியாயி எழுந்து நின்றுவிடுவாள். உட்கார இடம் கிடைத்த நாளிலும் அப்படித்தான். ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி அறிவிப்பாள்.

"தண்ணி போவுது பாருங்க! எம்மாந் தண்ணி! சும்மா போவுது, யாரையும் ஒண்ணும் கேக்காம!"

கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போதும் விடமாட்டாள். "மணலப் பாருங்க, சலிச்சுக் கொட்டின மாதிரி. நம்ம ரேஷன் அரிசியிலதான் கல்லு. இங்க ஒரு கல்லு உண்டா?"

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு ஆபீஸ் போகும் எங்களில் சிலர் முதலில் முகம் சுளித்தோம். இப்போது பாலம் வந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறோம். தினமும் பார்க்கிற ஆறுதான். ஆனாலும் யாராவது கூப்பிட்டுக் காட்டினால் ஒரு தடவை பார்க்கத்தான் தோன்றுகிறது.

அவள் ஏறுவது திருவானைக்காவலில். அவளுக்கு முன்னால் அவளுடைய இலைக்கட்டுகள் ஏறும். தோட்டங்களில் வாழை இலை அறுத்து வாங்கி, திருச்சி ஓட்டல்களுக்குப் போடுவது அவள் தொழில். கண்டக்டர் பஷீர் அகமதுக்கும் அவளுக்கும் இதனால் நாள் தவறாத வழக்கு.

"கட்டுக்கு யாரும்மா டிக்கெட் எடுக்கிறது?"

"அது என்ன சீட்டுலயா உக்காருது? பாவம், கால் கடுக்க நின்னுக்கிட்டுத்தானே வருது?"

பஷீர் சிரிப்பை அடக்க விசிலை வாயில் வைத்துக்கொள்வார். அது தானாக ஊதிவிடும். டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார். அத்துடன் அன்றைய வழக்கு தள்ளுபடி.

ஆள் நல்ல உயரம். மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது. அந்த இடைவெளி வழியாகச் சிரிப்பு சொல்லுக்கு முன்னால் வந்துவிடும். பாதிச் செய்தியை நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அவள் சேலைகள் எல்லாவற்றிலும் வாழைக்கறை, எந்தச் சோப்புக்கும் போகாத பழுப்புப் புள்ளிகளாகப் படிந்திருக்கும். ஒரு நாள் யாரோ ஒரு பெண்மணி கறை படாமலிருக்கச் சேலையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். காளியாயிக்கு அது கொஞ்சமும் உறைக்கவில்லை. "பூப்போட்ட சேலைய எல்லாரும் கடைக்குப் போயி வாங்குறாங்க. எனக்கு வாழைமரமே போட்டுக் குடுத்துருது" என்று தன் முந்தானையை விரித்துக் காட்டினாள். ஒதுங்கிய பெண்மணி, ஒரு புள்ளியைத் தொட்டே பார்த்துவிட்டாள்.

"அடிச்சுது யோகம்!" என்பது அவள் வாய்ச்சொல். புதையல் கிடைத்தவர்கள் சொல்ல வேண்டியதை அவள் எதற்கெல்லாமோ சொல்வாள். தெருக்குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் கடைசிக் குடம் நிரம்பினால் யோகம். டீக்கடைக்காரர் ஆற்றிய வேகத்தில் நுரை கிளாசுக்கு மேலே எழும்பி நின்றால் யோகம். காற்றடித்த நாளில் ஒரு நுனி இலை கிழியாமல் வந்துவிட்டால், அதை விற்க மனமில்லாமல் கடைவீதி முழுக்கக் காட்டிக்கொண்டு போவாள்.

இவ்வளவு கொண்டாட்டத்துக்கும் அவள் வீட்டில் காரணம் ஏதும் இல்லை. கணவர் வீரமலை காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். போன வருஷம் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அவர் கால்மேல் விழுந்தன. அன்று பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "காலு ஒடிஞ்சிருச்சுங்க சார்! ஒரு காலுதாங்க! இன்னொண்ணு முழுசா அப்படியே இருக்கு!" என்றாள். வாய் சிரித்தது. கண்ணீர் முகவாய் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

கால் கூடவில்லை. வீரமலை கயிற்றுக் கட்டிலோடு தங்கிவிட்டார். போதாக்குறைக்கு இந்த அறுபத்தாறாம் வருஷத்து அரிசிப் பஞ்சம். ரேஷன் கடைகளில் வரிசை வளர்ந்தது. ஓட்டல்களில் சாப்பாடு குறைந்தது. சாப்பாடு இல்லாத ஓட்டலுக்கு இலை எதற்கு? இரண்டு கட்டு ஏறிய பஸ்ஸில் ஒரு கட்டு ஏறியது, பிறகு அரைக்கட்டு. "இப்பத்தான் எனக்கு நிக்க இடம் கெடைக்குது" என்றாள்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "உங்களுக்குக் கவலையே கிடையாதா?"

"ஏன் இல்ல? வீடு நெறைய இருக்குங்க. அது பாட்டுக்கு வீட்டுல கெடக்கட்டும். பஸ்ஸுலயும் ஏத்திக்கிட்டு வந்தா, அதுக்கும் டிக்கெட் கேப்பாரு பஷீரு."

போன ஆவணியில் ஒரு காலை, பஸ் பாலத்தில் ஏறியது, காளியாயி எழுந்திருக்கவில்லை. ஆறு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பேப்பரை மடித்தவர்கள் மடித்தபடி காத்திருந்தோம். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது போலப் பயமாக இருந்தது.

பஷீர் அகமது அவளிடம் வந்தார். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

மெல்லத்தான் சொன்னாள். மகள் பவுனம்மாளுக்கு மணப்பாறையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பையனை நிச்சயம் செய்திருந்தார்கள். பையனுக்குத் தகப்பனார் இல்லை. பெரியப்பா அம்மாசி வைத்ததுதான் சட்டம். மாட்டுச் சந்தைத் தரகர் அவர். அவரிடமிருந்து முந்தின நாள் ஆள் வந்திருக்கிறது. "கோதுமையைப் போட்டு ஏமாத்தலாம்னு பாக்காதீங்க. நெல்லுச்சோறு இல்லாத பந்தியில எங்க சனம் கை நனைக்காது" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

"நான் மருங்காபுரிப் பக்கம் பொறந்தவங்க. மழை பேஞ்சா கம்பு, பேயலைன்னா வானம். எங்களுக்கு நெல்லுச்சோறுன்னாலே தீவாளியும் கல்யாணமுந்தான். அவரு கேக்குறதும் நியாயந்தானே? எம்மவ கல்யாணத்துக்கு நான் எங்க போயி கொண்டாறது?"

பஷீர் விசிலைத் திருகினார். பிறகு சட்டென்று ஜன்னல் கம்பியைப் பிடித்தார். கண்டக்டர் குரலில், நிறுத்தத்தின் பேரைக் கூவுவதுபோல, "தண்ணி போவுது! தண்ணி! எல்லாரும் பாத்துக்குங்க! பாக்காதவங்க எறங்கிப் பாத்துட்டு வாங்க!" என்று ஒரு கூப்பாடு போட்டார்.

பஸ் குலுங்கிச் சிரித்தது. காளியாயி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. இறங்கும்போது, "போவுது சார், ஒரு கரண்டிச் சோறுதானே? போட்டுட்டாப் போச்சு" என்றாள். அவள் தைரியத்துக்குச் சொன்ன பேச்சு அது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பஷீரும் காக்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். தோப்போரமாகச் சின்னப் பந்தல். தாலி கட்டி முடிந்தது. வீரமலையைக் கட்டிலோடு தூக்கிவந்து பந்தலுக்குள் வைத்திருந்தார்கள். அவர் படுத்தபடியே வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

பந்தி போட்டார்கள். இலைகளைப் பார்த்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவ்வளவு பெரிய நுனி இலைகள், ஒரு கீறல் இல்லை. வாழைப்பூப் பொரியல் வந்தது. வாழைத்தண்டுக் கூட்டு வந்தது. வாழைக்காய் வறுவல், பூசணிக்காய்ச் சாம்பார் வந்தன. நடுவில், உடைத்து வேகவைத்த கோதுமை.

அம்மாசி கோதுமையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார், மாட்டின் பல்லைப் பார்ப்பது போல.

"நெல்லுச்சோறு எங்கம்மா?"

"வருது அண்ணே. கடைசியா வருது" என்று அடுப்பங்கரையிலிருந்து காளியாயியின் குரல் கேட்டது.

"கடைசியா வர்றதுக்கு அது என்ன வெத்தலை பாக்கா?" என்றார் அம்மாசி. துண்டை உதறித் தோளில் போட்டார். எழத் தொடங்கினார். அவர் எழுந்தால் அவருடைய சனம் முழுவதும் எழும். அந்தப் பேச்சு பவுனம்மாளின் தலைமேல் ஆயுசு முழுக்க நிற்கும். மாலையும் கழுத்துமாக நின்ற பெண், தரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பக்கத்து இலைக்காரர்கள் எழுவதற்கு ஒரு முழங்காலை ஊன்றியும் விட்டார்கள்.

அப்போது அம்மாசியின் இடுப்பிலிருந்து நறநறவென்று ஒரு சத்தம் வந்தது.

அவர் நிமிர நிமிர இன்னும் நறநறத்தது. வேட்டி மடியிலிருந்து ஒரு துண்டு உருண்டு கோதுமைமேல் விழுந்தது. முறுக்கு. அதன் பின்னால் இன்னொன்று. திருச்சிப் பக்கம் பந்தியில் வயிறு காயப் போட்டுவிடுவார்களோ என்று மனுஷர் மணப்பாறையிலிருந்தே மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

காளியாயி ஒரு சின்னத் தூக்குவாளியும் கரண்டியுமாக அந்த நேரத்தில்தான் வந்து நின்றாள். இலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, முறுக்கிக்கிட்டு எந்திரிக்கிறீங்கன்னுல்ல பயந்துட்டேன்? முறுக்கோடல்ல எந்திரிக்கிறீங்க!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அதுவரை வாயே திறக்காத பையன் மாலை குலுங்கச் சிரித்தான். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பஷீர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கத்தில், முந்தானைகளுக்குள்ளிருந்தும் மெல்ல நொறுங்குகிற சத்தம் கேட்டது.

அம்மாசி பாதி எழுந்த நிலையில் நின்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது. காளியாயி தூக்கைத் திறந்து காட்டினாள். வெள்ளை வெளேரென்று நெல்லுச்சோறு, ஆவி பறந்தது. ரேஷனில் வந்த அரிசியைத் தொடாமல் வைத்துவிட்டு, வீடே கம்பங்கூழ் குடித்துச் சேர்த்தது.

"மத்த வீட்டுக் கல்யாணத்துல சோறு மலையாட்டம் குமிப்பாங்க, பாயசம் ஒரு கரண்டி ஊத்துவாங்க. எங்க வீட்டுல சோறுதாண்ணே பாயசம். உக்காருங்க. மொத கரண்டி உங்களுக்குத்தான்."

அவர் உட்கார்ந்தார். இலையின் நுனியில் ஒரு கரண்டிச் சோறு விழுந்தது. குழம்புகூட விடாமல் அப்படியே வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்றார். பந்தல் முழுக்க அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாயசம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார். "இன்னம் ஒரு சொட்டு விடு."

பிறகு மடியை அவிழ்த்து முறுக்கையெல்லாம் மாப்பிள்ளையிடம் கொடுத்தார். ஒவ்வோர் இலையிலும் ஒன்று வைக்கச் சொன்னார். பெண்கள் முந்தானைச் சரக்கும் வெளியே வந்தது. கோதுமைமேல் முறுக்கை நொறுக்கிப் போட்டுச் சாம்பாரை விட்டுப் பிசைந்தால் அப்படியொரு ருசி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை, பந்தல் அப்படி மொறுமொறுத்தது. காளியாயி தூக்கும் கரண்டியுமாக வரிசையில் போய்க்கொண்டே, "ராசா வர்றாரு, வழிவிடுங்க! ராசா வர்றாரு!" என்று சோற்றுக்குக் கட்டியம் கூறினாள். பவுனம்மாள் நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் பெண்ணும் மாப்பிள்ளையும் மணப்பாறை புறப்பட்டுப் போனார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பந்தலில் கட்டிலில் வீரமலையும், அவருக்கு எதிரே தரையில் காளியாயியும் மட்டும் இருந்தார்கள். அவள் அதுவரை சாப்பிடவில்லை. தனக்காக ஒரு முழு நுனி இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்து, சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள், சம்பந்தி வீட்டு ஆள்போல.

"ம், பரிமாறுங்க" என்றாள்.

வீரமலை கட்டிலிலிருந்து சரிந்து, தூக்கின் அடியைக் கரண்டியால் சுரண்டினார். ஒட்டியிருந்த காந்தல் ஒரு பிடிகூட வரவில்லை. அதை இலை நடுவில் வைத்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று வெறும் கரண்டியோடு மறுபடி தூக்குக்குள் கைவிட்டார்.

காளியாயி இரண்டு கைகளையும் அகல விரித்து, இலைக்குக் குறுக்கே வைத்து, "ஐயோ, போதும், போதும்!" என்று மறித்தாள்.